நக்கவாரம்: பெயரிட்டவர்களும் மொழி கற்றவர்களும்

மணிமேகலையின் பயணம் நிறைவு பெறும் ஊர் நம் காஞ்சி. வற்கடத்தால் வாடிய இந்நகருக்கு அமுதசுரபியோடு வந்து உயிர்களின் பசிப்பிணி தீர்த்த பின்னரே அவள் அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். அந்த அமுதசுரபியில் முதற் பிச்சையிட்டவள் ஆதிரை. அவளுடைய கற்பின் மேன்மையைப் பேச வந்த சாத்தனார், அவள் கணவன் சாதுவனின் கடற்பயணத்தையும் உடன் பேசுகிறார். ஆதிரையைப் போற்றியவர்கள் பலர். சாதுவன் கரையேறிய தீவைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அத்தீவின் மக்களைப் பிறர் எப்படி அழைத்தனர், அவர்கள் தம்மை எப்படி அறிந்திருந்தனர், பின்னாளில் ஐரோப்பியர் அங்கு வந்து என்ன செய்தனர் என்பவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியத்தில் ஒரு தீவு

கணிகை ஒருத்தியின்பாற் சென்று, சூதில் பொருளிழந்த சாதுவன், வங்க வணிகருடன் கலமேறுகிறான். கலம் கவிழ்கிறது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி அலையோடு அலையாகச் சென்று, நக்கசாரணர் என்னும் நாகர் வாழும் மலையை அடைகிறான். களைத்து மரநிழலில் உறங்கியவனைக் கண்ட நாகர், தமக்கு உணவு கிடைத்தது என மகிழ்ந்து எழுப்புகின்றனர். விழித்தெழுந்த சாதுவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். அம்மொழியை அவன் முன்னரே ஐயமறக் கற்றிருந்தான் என்கிறார் சாத்தனார். கேட்டவர்கள் அவனைத் தீண்டாது விலகி, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

தலைவனின் இருக்கையைக் காப்பியம் காட்டும் விதம் அச்சமூட்டுவது. கள் வெந்த குழிசிகளும் ஊன் உலரும் எலும்புகளும் சூழ, பெண்கரடியோடு ஆண்கரடி இருந்தாற்போலத் தன் மனைவியுடன் இருக்கிறான் அவன். ஆனால் அதே தலைவன், உடலை விட்டு நீங்கும் உயிர் வேறோர் இடம் சென்று புகுமாறு எவ்வாறு என்று கேட்கிறான். தருக்கம் பயின்றோர் கேட்கும் வினா இது. கரடி என உவமிக்கப்பட்டவன் வாயில் சமயவாதியின் கேள்வியை வைத்த புலவரின் நேர்மை நம் கருத்துக்குரியது. தலைவன் எல்லா அறத்தையும் ஏற்பதாகவும் கூறவில்லை. உம்மால் இயலும் அறம் இதுவெனச் சாதுவன் சொல்வன இரண்டு: கலம் சிதைந்து கரை சேர்பவரைக் கொல்லாதிருத்தல், மூத்து இறக்கும் விலங்குகளின் ஊனன்றிப் பிற ஊன் கொள்ளாதிருத்தல். அவற்றை ஏற்ற தலைவன், சந்தனமும் அகிலும் துகிலும் தந்து அவனை அனுப்புகிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் புகார் மீள்கிறான்.

இம்மலை இன்றைய நிக்கோபார்த் தீவுகளைக் குறிக்கும் என ஆய்வாளர் சிலர் கருதுவர். காப்பியத்தின் கதையைக் கடற்படத்தின்மேல் ஒட்டிக் காண்பதில் இடர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நக்கம் என்னும் ஆடையின்மையைக் குறிக்கும் சொல், நக்கசாரணர் என்னும் பெயரிலும், பிற்காலச் சோழர் கல்வெட்டில் வரும் நக்கவாரம் என்னும் பெயரிலும் ஒருங்கே கேட்கிறது. நிக்கோபார் என்னும் இன்றைய பெயரும் அந்நக்கவாரத்தின் திரிபே என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து.

அடைமொழியும் எதுகையும்

வங்கக் கடலின் தென்கிழக்கே, சென்னையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சுமத்திராவை நெருங்கி வரிசையாகக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட தீவுகளே நிக்கோபார். தமிழகத்துக் கரையிலிருந்து கடாரத்துக்கும் தக்கோலத்துக்கும் சென்ற கலங்களின் பாதையில் அவை இருந்தன. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவருக்கும் இக்கடல் அயலன்று. இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதனைக் காத்த மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். அக்கரைக்குச் சென்ற வணிகர் நக்கவாரத்தின் தென்னந்தோப்புகளைக் காணாமல் சென்றிருக்க இயலாது.

முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேல் படை செலுத்தினான். தஞ்சைப் பெரிய கோயிலில் அவனது பத்தொன்பதாம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தி, அவன் வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தையும் வைத்து எண்ணுகிறது. அவ்விடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி உண்டு. மாநக்கவாரத்துக்கு வாய்த்தது தேன் நிறைந்த சோலை. அந்த அடைமொழி நக்கவாரம் என்னும் சொல்லோடு எதுகையில் இயைவதைக் கவிஞர்கள் உடனே உணர்வர். ஆதலின் அது தீவைப் பற்றிச் சொல்வதைவிட யாப்பைப் பற்றிச் சொல்வது மிகுதி. வென்றவன் புலவர் ஒரு தீவை ஓர் எதுகைக்குள் அடக்கினார். அங்கு வாழ்ந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

அயல்நாட்டார் குறிப்புகளும் ஆடையின்மையிலேயே தொடங்குகின்றன. ஏழாம் நூற்றாண்டில் கடாரத்திலிருந்து தாமிரலிப்திக்குச் சென்ற சீனத் துறவி இத்சிங், வழியில் கண்ட ஆடையற்றோர் நாட்டை விவரிக்கிறார். அது நிக்கோபாரே என்பர். கலம் நெருங்கியதும் சிறு படகுகளில் பலர் விரைந்து வந்து, தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பும் காட்டி இரும்பு வேண்டினராம். இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கொடுத்தனர். வணிகர் விளையாட்டாகத் துணியை நீட்டியபோது, வேண்டாம் எனக் கையசைத்தனர். தறியின் ஒலியில் கண்விழிக்கும் நம் ஊரார்க்கு இக்காட்சி சற்று வியப்பளிக்கலாம். துணி தெரியாததால் அவர்கள் ஆடையற்றிருந்தனர் என எண்ணுதல் பிழை என்பதை அந்தக் கையசைவு உணர்த்துகிறது. தமக்கு எது வேண்டும், எது வேண்டா என அறிந்தே அவர்கள் பண்டமாற்றுச் செய்தனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறுதியில் மார்க்கோ போலோவும் அரசனற்ற, ஆடையற்ற மக்கள் என்றே எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு மாலுமி ஒருவர், அங்குள்ளோர்க்கு வால் உண்டு என எழுத, ஐரோப்பிய அறிஞரும் அதனை நம்பி விவாதித்தனர். ஆண்கள் அரையிற் சுற்றிய சிறு துணியின் நுனி பின்புறம் தொங்கியதே அந்த வால்!

இவற்றிடையே 1688-இல் பெரிய நிக்கோபாரில் சில நாள் தங்கிய ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் மட்டும் வேறுபடுகிறார். கடற்கொள்ளையர் கூட்டத்தினின்று விலகிக் கரையிறங்கிய அவர், மனித ஊன் உண்பவரைத் தாம் எங்கும் கண்டதில்லை என எழுதினார். ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தை ஆள, எவரும் எவர்க்கும் மேலல்லாத வாழ்வையும், அவர்கள் பழத்திலிருந்து சமைத்த அப்பத்தையும் பதிவு செய்தார். பின்னர் அத்தீவின் படகொன்றிலேயே சிலருடன் சுமத்திராவின் ஆச்சே சென்று சேர்ந்தார்.

தீவு தன்னை அறிந்த விதம்

டாம்பியர் உண்ட அந்தப் பழம் தாழையினத்தைச் சேர்ந்தது. நெய்தல் திணையில் தாழைக்கு மணம் உண்டு. கானலுக்கு வேலியாக நிற்கும். தலைவியின் துயருக்குச் சாட்சியாகும். நிக்கோபாரில் அதே இனத்து மரம் உணவு தருகிறது. பெரிய கனிகளை வேகவைத்து, நாரை நீக்கி, மாவாகப் பிசைந்து உண்பர். நெல் விளையாத தீவுகளில் தாழையும் தென்னையும் பன்றியும் மீனுமே வாழ்வின் ஆதாரம்.

தீவினர் பேசும் மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பர்மாவின் மோன், கம்போடியாவின் கெமர் ஆகியவற்றுக்கு உறவானவை. பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் சோம்பென் என்னும் வேறொரு குடியினர், வேட்டையும் கிழங்கும் கனியுமாக வாழ்கின்றனர். கரையோரத்தார் ஒவ்வொரு தீவுக்கும் தம் மொழியில் தனிப்பெயர் வைத்திருந்தனர். கார் நிக்கோபாரின் பெயர் பூ. நம் பூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை எனினும், கேட்டதும் தமிழ்ச் செவி நின்றுவிடுகிறது. சிறிய நிக்கோபார் ஓங்; சௌரா தாத்தத்.

சௌரா மிகச் சிறிய தீவு. ஆயினும் பானை வனையும் உரிமை அதற்கே இருந்தது. அதற்கான களிமண் அங்கில்லை. அருகிலுள்ள தெரெசாத் தீவிலிருந்து படகில் கொண்டுவரப் பெற்றது. பெண்களே பானை வனைந்தனர். பிற தீவினர் அங்கு வந்தே பானையும் படகும் கொண்டனர். மண் ஓரிடம், கை ஓரிடம், அடுப்பு ஓரிடம் என எல்லாத் தீவுகளும் ஒன்றையொன்று நாடி வாழும்படி அமைந்த ஒழுங்கு இது. அரசனற்றவர் என எழுதியவர் கண்ணுக்கு இவ்வொழுங்கு தென்படவில்லை.

மொழியைப் பற்றிய ஒரு வழக்கம் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு மிகவும் உரியது. இறந்தவர் பெயரை வாழ்வோர் உச்சரிக்கலாகாது. அப்பெயர் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லாகவும் இருந்தால், அச்சொல்லையே விலக்கிப் புதிய சொல்லொன்றை ஆக்கிக் கொள்வர். நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்த தெ ரோப்ஸ்டார்ப் இதனைக் குறித்து, மொழி விரைந்து மாறுவதற்கு இதுவே காரணம் என்றார். நாம் இறந்தோர் பெயரைக் கல்லில் வெட்டி மொழியில் நிறுத்தினோம். அவர்கள் இறந்தோர்க்காக ஒரு சொல்லையே நீத்தனர். நடுகல் எழுப்பும் துயரமும் சொல்லை நீக்கும் துயரமும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல.

தரங்கம்பாடியிலிருந்து

சாதுவன் புறப்பட்ட புகாருக்குச் சற்றே தெற்கில் அதே கடற்கரையில் இருப்பது தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் அங்குக் கோட்டை எழுப்பினர். அவர்களது கண் பின்னாளில் நிக்கோபார்மீது விழுந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர் 1756 சனவரி முதல் நாளில் பெரிய நிக்கோபாரில் தம் கொடியை நட்டு, தீவுகளுக்குப் புதிய டென்மார்க் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள், தம் மன்னர் பெயரால் பிரெடரிக் தீவுகள் என மாற்றினர். ஒரே ஆண்டில் இரு பெயர்கள்! பூ என்றும் ஓங் என்றும் அத்தீவுகளுக்குப் பெயர்கள் உள்ளனவா என எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயரும் நிலைக்கவில்லை, பெயரிட்டவரும் நிலைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் குடியேற்றத்தை அழித்தது. கைவிடுவதும் மீண்டும் வருவதுமாக ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. இடையே 1778-இல் ஆஸ்திரியரும் வந்து உரிமை கொண்டாடினர். தெரெசாத் தீவின் பெயர் அவர்களது பேரரசி மரியா தெரெசாவைக் குறிப்பது என்பர். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொராவியச் சமயத்தொண்டர் 1768 முதல் 1787 வரை நான்கௌரியில் உழைத்தனர். தீவிலும், தரங்கம்பாடிக்கு மீண்ட பின்னுமாக, காய்ச்சலால் மாண்டவர் இருபதுக்கும் மேல். அத்தனை உயிரிழப்புக்குப் பின்னும் தீவினருள் எவரையும் தம் சமயத்திற் சேர்க்க அவர்களால் இயலவில்லை.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். அடுத்த ஆண்டு அவர்களது கலாத்தியா என்னும் ஆய்வுக்கப்பல் நிக்கோபாரைச் சுற்றி அளந்தது. 1848-இல் குடியேற்றத்தை அடியோடு கைவிட்டனர். இருப்பினும், கைவிட்ட தீவுகளின் உரிமையை 1868-இல் ஆங்கிலேயருக்கு விலைக்குக் கொடுத்தனர். விற்றவர் அங்கு வாழவில்லை; வாங்கியவரும் வாழவில்லை; வாழ்ந்தவர்க்கு விலையில் பங்கில்லை.

ஆங்கிலேயர் தம் வருகைக்குக் கூறிய காரணத்தை மணிமேகலை பயின்றோர் கூர்ந்து நோக்க வேண்டும். கரை ஒதுங்கும் கலங்களைத் தீவினர் தாக்கி மாலுமிகளைக் கொல்கின்றனர் என்பதே அது. அத்தகைய கொலைகள் நிகழ்ந்தது உண்மை. வந்த மாலுமிகள் தீவுப் பெண்களிடமும் தோப்புகளிலும் இழைத்த கொடுமைகள் அவற்றுக்கு முன் நிகழ்ந்தன என்பதையும் பதிவுகள் காட்டுகின்றன. 1867-இல் தண்டிக்கும் பொருட்டுப் போர்க்கப்பல்கள் சென்றன. 1869-இல் காமோர்த்தாவில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை நிறுவினர். 1888-இல் அதனையும் கைவிட்டனர். கலம் சிதைந்தோரைக் காப்பீர் என்னும் ஒரே வேண்டுகோளைச் சாதுவன் மொழியால் வைத்தான். பேரரசு பீரங்கியால் வைத்தது. சாதுவனுக்குத் தலைவன் எதிர்வினா எழுப்ப இடமிருந்தது.

மொழி கற்றவர்கள்

குடியேற்ற ஆட்சியினரிலும் மொழியின் அருமை உணர்ந்தோர் இருந்தனர். முன் சொன்ன தெ ரோப்ஸ்டார்ப், டேனிய வழியினர். ஆங்கில அரசின் அலுவலர். 1883-இல் காமோர்த்தாவில் சிப்பாய் ஒருவனால் கொல்லப்பட்டார். தீவினர் அவரைக் கொல்லவில்லை என்பது குறிக்கத்தக்கது. அவரது அகராதி 1884-இல் வெளிவந்தது. எட்வர்ட் ஹொரேஸ் மேன் தொகுத்த அகராதி 1889-இல் வந்தது. தீவுகளின் சொந்தப் பெயர்களை நாம் இன்று அறிவதற்கு இத்தகையோர் உழைப்பே துணை.

இவ்வரிசையில் ஒரு தமிழரும் உண்டு. வேதப்பன் சாலமன் என்னும் சமயப் பணியாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊருக்குச் சென்று, அரசின் முகவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். கார் மொழியைக் கற்றார். அவரது மூஸ் நாட்குறிப்பின் பகுதிகள் 1901 மக்கள்தொகைக் கணக்கறிக்கையில் அச்சேறின. ஊரின் விழாக்கள், நோய்கள், பூசல்கள், கப்பல் வரவு எனத் தீவின் அன்றாடம் அதிற் பதிவாயிற்று. 1909-இல் அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர் ஹாச்சேவ்கா. ஜான் ரிச்சர்ட்சன் எனப் புதுப்பெயர் பெற்ற அவர், புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியிற் பெயர்த்தார், 1950-இல் பேராயரானார், 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார்.

சாலமனைச் சாதுவனின் வழித்தோன்றல் எனப் புகழ்ந்து நிறுத்திவிடுதல் எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளியதன்று. அவர் ஏந்திச் சென்ற சமயம் பழைய விழாக்கள் பலவற்றை மங்கச் செய்தது. ஹாச்சேவ்கா என்னும் பெயர் ஏட்டில் மறைந்ததும் அந்த மாற்றத்தின் பகுதியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மொழி கற்றவனிடம் தீவினர் மறுமொழி கூற முடிந்தது. கற்ற மொழியில் அவர்களே பின்னர் எழுதவும் தொடங்கினர். கொடி நட்டவர்களிடம் அதற்கு வழி இருக்கவில்லை.

இன்றைய நக்கவாரம்

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் ஒற்றர் என்னும் பழி சுமத்தப் பெற்றுத் தீவினர் பலர் மாண்டனர். விடுதலைக்குப் பின், 1956-ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அயலார் அங்குச் செல்வதையும் நிலம் கொள்வதையும் கட்டுப்படுத்தியது. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையிற் குடியமர்த்தப் பெற்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தென்முனையில் நிலமே நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. அலையால் ஊரிழந்த பெரிய நிக்கோபார்க் குடியினர் பலர் முகாம் வீடுகளில் அமர்த்தப்பட்டனர். மூதாதையர் ஊர்களுக்கு மீள வேண்டும் என்பது அவர்தம் நெடுநாள் வேண்டுகோள்.

2022 நவம்பரில், பெரிய நிக்கோபாரில் பெருந்துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. முன்பு இசைவு தந்திருந்த பழங்குடி மன்றம், அதே மாதம் அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி சோம்பென் மக்கள் 229 பேர். துறைமுகம் அமையவிருக்கும் விரிகுடாவின் பெயர் கலாத்தியா. 1846-இல் வந்து அளந்து சென்ற டேனியக் கப்பலின் பெயர் அது. கப்பல் போய்விட்டது, அதன் நாடும் போய்விட்டது, பெயர் மட்டும் அந்நீரின்மேல் நிற்கிறது.

இத்திட்டத்தின் நன்மை தீமைகளைப் பொருளியலாரும் சூழலியலாரும் ஆராய்வர். இலக்கியம் பயில்வோர்க்குரிய கடமை வேறொன்று. நக்கவாரம் என்னும் பெயரை வழங்கி, அதனைக் காப்பியத்திலும் கல்லிலும் பொறித்தவர் நாம். ஒரு மக்களை அவர்களிடம் இல்லாததைக் கொண்டு பெயரிட்ட பிழையில் நம் மொழிக்கும் பங்குண்டு. அதே நம் மொழியில்தான், அயலான் ஒருவன் அத்தீவின் மொழியை ஐயமறக் கற்ற பின்னரே உயிர் பிழைத்தான் என்னும் செய்தியும் உள்ளது. இரண்டையும் சேர்த்தே நாம் பெற்றுள்ளோம்.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றி வரும் நம் வட்டம், மணிமேகலையை இனி ஒருமுறை பயிலும்போது சாதுவன் வாய் திறந்த அந்த இடத்தில் சற்று நிற்கட்டும். அவன் பேசிய சொற்களைச் சாத்தனார் தமிழிலேயே நமக்குத் தந்தார். நாகர் மொழியில் அவை எப்படி ஒலித்தன என்பது காப்பியத்தில் இல்லை. அந்த ஒலியை இன்றும் பேசும் மக்கள் பூவிலும் ஓங்கிலும் இருக்கின்றனர். அவர்களுடைய பாடல்களும் கதைகளும் அவர்கள் வாய்வழியே தமிழுக்கு வந்து சேரும் நாளில், சாத்தனார் விட்டுச் சென்ற இடம் நிரம்பும்.